கேதார்நாத் நடைப்பயணம்: எந்த மாதம், எந்த வாரம், எப்படி முடிவு செய்வது

தமிழ்நாட்டிலிருந்து கேதார்நாத் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் மே மாதத்தைத்தான் பிடிக்கின்றன. பிள்ளைகளுக்கு முழு ஆண்டு விடுமுறை, இங்கே அடிக்கும் வெயிலுக்கும் தப்பிக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் இமயமலை எங்குமே வரவில்லை. மலையைப் பார்த்து நாள் குறித்தால் பெரும்பாலோருக்கு வேறு விடை கிடைக்கும்: செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 20 வரை. நம் கணக்கில் புரட்டாசி 9 தொடங்கி ஐப்பசி 3 வரை. அந்த நாள்களில் போக முடியாதவர்களுக்கு இரண்டாவது வழி உண்டு. தொடவே கூடாத மாதங்களும் உண்டு. எல்லாவற்றையும் காரணத்தோடு சொல்கிறோம். காரணம் புரிந்தால்தான் கடைசி நேரத்தில் வானம் மாறும்போது சரியாக முடிவெடுக்க முடியும்.

முதலில் பாதை

கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். வண்டிப்பாதை முடியும் கௌரிகுண்ட் சுமார் 1,980 மீட்டர். ஆக, ஏற வேண்டிய உயரம் 1,600 மீட்டர். 2013 வெள்ளத்துக்கு முன் நடைபாதை 14 கிலோமீட்டர். ராம்பாரா என்ற தங்கல் ஊர் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, அதற்கு மேலே பாதையை மந்தாகினி ஆற்றின் மறுகரைக்கு மாற்றினார்கள். இப்போது சுமார் 16 கிலோமீட்டர். கௌரிகுண்டிலிருந்து ஜங்கிள் சட்டி, பீம்பலி, பிறகு ஆற்றைக் கடந்து லின்சோலி, அடிவார முகாம், கோயில் என்று வரிசை. பீம்பலி வரை ஏற்றம் தாங்கும்படிதான் இருக்கும். ஆற்றைக் கடந்ததும் லின்சோலி வரையிலான ஏற்றம்தான் ஆளைச் சோதிப்பது. அதே இடத்தில்தான் காற்றும் மெலியத் தொடங்கும். கோயில் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரை ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

பழக்கமில்லாத ஒருவர் ஏற 8 முதல் 10 மணி நேரம் ஆகும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பருவம் என்ற கேள்வியே இதிலிருந்துதான் பிறக்கிறது: மழை, பனி, இருட்டு, நெரிசல் ஆகிய நான்கும் இல்லாத பத்து மணி நேரம் எந்த மாதத்தில் அதிகம் கிடைக்கும்?

நடை திறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள்

'நடை திறந்து பத்து நாள் கழித்துப் போங்கள்' என்று பலரும் சொல்வார்கள். இந்த அறிவுரை ஏமாற்றும். கோயில் திறப்பது அட்சய திருதியையை ஒட்டி. தேதியை மகா சிவராத்திரி அன்று, கேதாரநாதருக்குக் குளிர்காலப் பூஜை நடக்கும் உக்கிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலில் அறிவிப்பார்கள். சாத்துவது தீபாவளி அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து வரும் பாய் தூஜ் அன்று. இரண்டுமே சந்திரனை வைத்த கணக்கு. அதனால் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2023-ல் ஏப்ரல் 25-ல் திறந்து நவம்பர் 15-ல் சாத்தினார்கள். 2024-ல் மே 10 முதல் நவம்பர் 3 வரை. 2025-ல் மே 2 முதல் அக்டோபர் 23 வரை. பத்தாம் நாள் என்பது ஓர் ஆண்டு மே 5, இன்னோர் ஆண்டு மே 20. இந்த இரண்டு வாரத்துக்குள் பாதையோரப் பனி எவ்வளவோ உருகிவிடும்.

பனியும் மழையும் சூரியனைப் பார்த்துத்தான் நடக்கின்றன. நம் தமிழ் மாதங்களும் சூரியனைப் பார்த்து நடப்பவை. ஆகவே கேதார்நாத் வானிலையைத் தமிழ் மாதத்தில் நினைவு வைப்பது உண்மையிலேயே வசதி. ஒன்றே ஒன்றை மட்டும் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். ஐப்பசி என்றால் நமக்கு அடைமழை. அங்கே அது தெளிந்த வானம். ஆடி, ஆவணி நம்மில் பலருக்குக் காற்றும் வெயிலும். அங்கே மலை சரியும் மாதங்கள். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்தவர்கள் அக்டோபர் என்றதும் தயங்குவதற்கு இந்தப் பழக்கமே காரணம்.

மாதம் மாதமாக

சித்திரை (ஏப்ரல் நடு முதல் மே நடு வரை). குளிர்காலம் முழுக்க மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த அலைகள் கொட்டிய பனி, லின்சோலிக்கு மேலே இன்னும் கிடக்கும். பனியாறு பாதையில் இறங்கி நிற்கும் இடங்களில் அதை வெட்டி, இரு பக்கமும் ஆள் உயரப் பனிச்சுவராக வழி விடுவார்கள். காலையில் அந்தத் தரை கண்ணாடி; நண்பகலில் உருகி வழுக்கும் சேறு. சூடு ஏற ஏற மேல்சரிவிலிருந்து பனிக்கட்டிகள் உருண்டு வருவதும் இந்த மாதத்தில்தான். 2023-ல் நடை திறந்தபின் தொடர்ந்து பனி பெய்ததால் புதிய பதிவுகளையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள். பனியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வரும் உடல்வலுவுள்ள இளைஞர்களுக்கு இது சரி. பிள்ளைகள், பெரியவர்களுக்கு வேண்டாம். திறப்பு நாள் அன்று 30,000 பேர் வரை குவிகிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

வைகாசி (மே நடு முதல் ஜூன் நடு வரை). வானிலை என்று மட்டும் பார்த்தால் நல்ல மாதம். பாதையில் பனி பெரும்பாலும் போயிருக்கும், மாலை 7 மணிக்கு மேல்தான் இருட்டும், இரவுக் குளிரும் தாங்கலாம். பிற்பகலில் மட்டும் இடி, ஆலங்கட்டி, அரை மணி நேரக் கொட்டு மழை வரும். காலை வெயிலில் பள்ளத்தாக்கு சூடாகி, ஈரக்காற்று மேலே எழுந்து குளிர்வதால் வருவது அது. தொல்லை கூட்டம்தான். வட இந்தியாவுக்கும் இதுவே கோடை விடுமுறை. 2023 பருவம் முழுவதிலும் 19 லட்சத்துக்கு மேல் வந்தவர்களில் ஏராளமானோர் இந்த வாரங்களில் மலையேறினார்கள். 2024 மே மாதத்தில் நெரிசல் தாங்காமல் ஹரித்வார், ரிஷிகேஷ் நேரடிப் பதிவை மாத முடிவு வரை நிறுத்தினார்கள். சொந்த வண்டிகள் நின்றுவிடும் சோன்பிரயாகில் ஜீப் ஏற விடியலிலேயே மணிக்கணக்கில் வரிசை, பாதையில் குதிரைகளின் இடி, தங்குமிடம் இரண்டு மூன்று மடங்கு விலை, கருவறையில் லிங்கத்தைத் தொட்டு வணங்க அனுமதி இல்லாமல் மண்டபத்தோடு திருப்பி அனுப்பும் நிலை எல்லாம் இப்போதுதான். கூட்டத்தின் ஆபத்து எரிச்சலோடு நிற்பதில்லை. காலை 5 மணிக்கு நடையைத் தொடங்க வேண்டியவர் 9 மணிக்குத் தொடங்குவார். பிற்பகல் ஆலங்கட்டியில் லின்சோலி ஏற்றத்தில் நிற்பார். நனைவதும் நடுங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

ஆனி (ஜூன் நடு முதல் ஜூலை நடு வரை). உத்தரகண்டில் பருவமழை வழக்கமாக ஜூன் 20-ஐ ஒட்டித் தொடங்கும். 'மழைக்கு முன் கடைசி வாரம், கூட்டமும் குறைவு' என்று ஜூன் 15-ஐப் பிடிப்பவர்கள் உண்டு. 2013 இதற்கான பதில். அந்த ஆண்டு பருவமழை வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தது. மேற்கு அலையோடு அது கலந்து ஜூன் 15 முதல் 17 வரை கொட்டியது. பழைய பனி உருகிய நீரும் மழைநீரும் சேர்ந்து, கோயிலுக்கு மேலே பனியாறு குவித்த கல்லும் மண்ணுமான கரையால் தடுக்கப்பட்டிருந்த சோராபாரி ஏரி 17-ஆம் தேதி காலை உடைந்தது. ஜூன் 10-க்குள் கீழே இறங்கியிருக்கும்படி திட்டமிடுங்கள். மழை தாமதமாகும் என்று நம்பி அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

ஆடி, ஆவணி (ஜூலை நடு முதல் செப்டம்பர் நடு வரை). போகாதீர்கள். 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் கௌரிகுண்டில் இரவில் மலை சரிந்து கடைகளை ஆற்றில் தள்ளியது. 2024 ஜூலை 31 இரவில் பெய்த பெருமழையில் பீம்பலி, லின்சோலிப் பகுதிகளில் பாதை பல இடங்களில் துண்டாகி, சிக்கிய ஆயிரக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரிலும் மாற்றுப்பாதையிலும் நாள்கணக்கில் இறக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9-ல் சோன்பிரயாகுக்கும் கௌரிகுண்டுக்கும் இடையே சரிவு விழுந்து உயிர்கள் போயின. ஆவணி முடியும் நேரத்திலும் மலை ஊறிப்போய் நிற்கிறது என்பதற்கு இது சான்று. மேலே போவதற்கு முன்பே சாலையும் தொல்லை கொடுக்கும்: ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் அல்ல, உத்தரகண்டில் உள்ள ஊர்) ருத்ரபிரயாகுக்கும் நடுவே சிரோபகட், சோன்பிரயாகுக்கு மேலே முன்கடியா ஆகியவை மழைக்கு மழை சரியும் இடங்கள். வட இந்தியரின் சாவன் மாதத்தில் சிவனுக்குக் கங்கைநீர் சுமந்து போகும் காவடி யாத்திரைக்காக ஜூலையில் ஹரித்வார் நெடுஞ்சாலையில் வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். பிரம்ம கமலம் பூப்பதும், சிவனுக்கு அதைச் சாத்துவதும் இந்த மாதங்களில்தான் என்பது உண்மை. ஆனால் நம்மைப்போல் 2,500 கிலோமீட்டர் தாண்டி, திரும்ப டிக்கெட்டோடு வருகிறவர்கள் மலை சொல்லும் வரை காத்திருக்க முடியாது. அப்படிக் காத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இது ஏற்ற மாதம்.

புரட்டாசி (செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடு வரை). முதல் வாரத்தை விட்டுவிடுங்கள். மழை விலகுவது வழக்கமாகச் செப்டம்பர் கடைசியில்தான், விலகும்போது ஒருமுறை கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. அதற்குப் பிறகு வடமேற்கிலிருந்து வறண்ட காற்று இறங்கும். தூசியெல்லாம் மழையில் கழுவப்பட்டிருக்கும். கோயிலுக்குப் பின்னால் கேதார் சிகரம் விடியலிலிருந்து மாலை வரை மேகமின்றித் தெரியும் நாள்கள் இவை. பிற்பகல் இடிமழை குறைவு. பாதை காய்ந்திருக்கும், அறை பேரம் பேசிக் கிடைக்கும், கருவறைக்குள் நின்று கும்பிடலாம். காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜை விடுமுறையும் பெரும்பாலும் இதற்குள்ளேயே விழுவதால் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் தசராவை அடுத்த இரண்டு மூன்று நாளும் வங்காளத்திலிருந்தும் தில்லிப் பக்கமிருந்தும் கூட்டம் ஏறும். அவற்றை மட்டும் தவிர்த்தால் போதும். மகாளய பட்சத்தில் வருபவர்கள் பத்ரிநாத் பிரம்ம கபாலத்தில் தர்ப்பணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே அப்போது கூட்டம் இருக்கும்.

புரட்டாசி சனி விரதம் இருப்பவர்களுக்கு ஒன்று: ஏறும் நாளைச் சனிக்கிழமையில் வைக்காதீர்கள். வெறும் வயிற்றோடு 1,600 மீட்டர் ஏறுவது மயக்கத்தில் முடியும்.

ஐப்பசி (அக்டோபர் நடு முதல் நடை சாத்தும் வரை). வானம் தெளிவு, கூட்டம் மிகக் குறைவு, குளிர் கடுமை. இரவில் பூச்சியத்துக்குக் கீழே சில டிகிரி. குழாயில் நீர் உறையும். மாலை 5:40-க்குச் சூரியன் மறையும், உயர்ந்த மலைகள் மறைப்பதால் பள்ளத்தாக்கில் அதற்கும் முன்னரே நிழல் விழும். புதுப்பனி எந்த நாளும் பெய்யலாம். கடைகளும் கூடாரங்களும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். முன்பே இமயத்தில் நடந்து பழகியவர்களுக்கு இது மிக நல்ல நேரம். முதல்முறை வருகிறவர்கள் அக்டோபர் 20-க்குள் முடித்துக்கொள்வது நல்லது. நடை சாத்தும் நாளில் பஞ்சமுக உற்சவ மூர்த்தி டோலியில் இறங்குவதைக் காணவே வருபவர்கள் உண்டு. அன்று கூட்டம் நடுக்கோடை போல இருக்கும்.

அக்டோபர் என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை உத்தரகண்ட் முழுக்கப் பெருமழை பெய்து பலர் இறந்தார்கள். உயரக் கணவாய்களில் நடந்துகொண்டிருந்தவர்கள் பனியில் சிக்கினார்கள். ஜூலையில் ஒவ்வொரு வாரமும் நிற்கும் ஆபத்து அக்டோபரில் எப்போதாவது வருகிறது, அதுவும் நான்கைந்து நாள் முன்னரே முன்னறிவிப்பில் தெரிந்துவிடுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

எந்த வாரம் என்று இறுக்குவது

மாதத்தை முடிவு செய்தபின் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 10 வரை. குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும், ஆகவே ஐப்பசி இவர்களுக்கு ஆகாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வருகிறவர்கள் அக்டோபர் முதல் பாதி. மே மாதம் தவிர வழியே இல்லை என்பவர்கள் மே 18-க்கும் ஜூன் 8-க்கும் நடுவே, ஏறும் நாள் செவ்வாய், புதன், வியாழன் என்று வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை தில்லிப் பக்கத்து வார இறுதிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நிலவொளியில் சிகரத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எளிய கணக்கு: நடை சாத்தும் நாளுக்கு ஏறக்குறைய 17 நாள் முன்னால் பௌர்ணமி வரும். 2025 போல அது அக்டோபர் முதல் வாரத்தில் விழும் ஆண்டுகளில் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மேகமில்லாத இரவு கூடுதலாகக் குளிரும் என்பதற்கு மட்டும் ஒரு கம்பளி அதிகம் எடுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்குவது

நல்ல பருவத்தைப் பிடித்துவிட்டு நாளைச் சுருக்கினால் பயனில்லை. ரிஷிகேஷிலிருந்து ரிஷிகேஷுக்கு எட்டு நாள், அதில் இரண்டு நாள் வெறுமையாக. நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதல் நாள் ரிஷிகேஷிலிருந்து குப்தகாசி. மலைச்சாலையில் ஏழெட்டு மணி நேரம்; விடியலில் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம். இரவு 1,300 மீட்டர் உயரத்தில்.

இரண்டாம் நாள் சோன்பிரயாக் வழியே திரியுகிநாராயண் கோயிலைப் பார்த்துவிட்டு கௌரிகுண்டில் தங்கல். சோன்பிரயாகுக்கு மேலே 5 கிலோமீட்டருக்குச் சொந்த வண்டி கிடையாது, பகிர்வு ஜீப்தான். ஏறுவதற்கு முந்திய மாலையே கௌரிகுண்ட் போய்விட்டால் மறுநாள் விடியல் வரிசையிலிருந்து தப்பிக்கலாம். மழை எச்சரிக்கை இருந்தால் மட்டும் குறுகிய கௌரிகுண்டில் தங்காதீர்கள்.

மூன்றாம் நாள் லின்சோலி வரை மட்டும், சுமார் 11 கிலோமீட்டர். இரவு அங்கே. நான்காம் நாள் மீதி நான்கைந்து கிலோமீட்டர் ஏறி, தரிசனம், கோயிலருகே இரவு. ஐந்தாம் நாள் இறக்கம். ஆறாம் நாள் ரிஷிகேஷ் திரும்புவது. ஏழும் எட்டும் கையிருப்பு.

ஒரே நாளில் மேலே ஏறிவிட முடியும், ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். ஆனாலும் லின்சோலியில் ஓர் இரவு உடலுக்குச் செய்யும் நன்மையைத் தரிசன நேரத்தில் உணர்வீர்கள். தலைவலியோடும் குமட்டலோடும் கருவறையில் நிற்பதற்கா இவ்வளவு தூரம் வருவது? இரண்டு நாள் கூடுதலாக இருப்பவர்கள் முதலில் உக்கிமட் வழியே சோப்தா போய், 2,680 மீட்டரில் தூங்கி, மறுநாள் 3,680 மீட்டரில் இருக்கும் துங்கநாத்துக்கு ஏறி இறங்கி, பிறகு கேதார்நாத் வரலாம். உயரே ஏறித் தாழ்வாகத் தூங்குவதுதான் உடலைப் பழக்கும் வழி. துங்கநாத் கேதார்நாத்தை விட உயரம் என்பதால் அதன்பின் மூச்சு சிரமம் வெகுவாகக் குறையும்.

தேவாரம் ஓதுபவர்களுக்கு: சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம் இதுவே. வடநாட்டுப் பாடல் பெற்ற தலங்களில் அனேகதங்காவதத்தை கௌரிகுண்டாகக் கொள்ளும் மரபும் உண்டு. ஆகவே இரண்டாம் நாள் மாலையை அங்கே அவசரமின்றிக் கழியுங்கள்.

முன்பதிவில் எது முதலில்

அக்டோபர் பயணத்துக்கு ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். அதாவது ஆகஸ்ட் தொடக்கம். திரும்பும் டிக்கெட்டை இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 48 மணி நேரம் தள்ளி எடுங்கள். அடுத்தது உத்தரகண்ட் சுற்றுலாத் துறையின் யாத்திரைப் பதிவு. இது கட்டாயம். ஆதார் எண்ணோடு பதிந்து, வரும் க்யூஆர் சீட்டைக் கைப்பேசியிலும் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள், சோன்பிரயாகில் சரிபார்ப்பார்கள். மே மாதப் பயணிகள் பதிவு திறந்த முதல் நாள்களிலேயே முடிக்காவிட்டால் விரும்பிய தேதி கிடைக்காது. புரட்டாசிப் பயணிகளுக்கு அந்த அவதி இல்லை. தங்குமிடத்தில் லின்சோலியையும் கோயிலருகையும் மட்டும் முன்கூட்டிப் பிடித்தால் போதும். கீழே எப்போதும் கிடைக்கும்.

ஹெலிகாப்டர் குப்தகாசி, பாட்டா, சிர்சியிலிருந்து பறக்கிறது. முன்பதிவு ஐஆர்சிடிசி தளத்தில் மட்டும், வேறு யாரிடமும் பணம் கட்டாதீர்கள். மழைக்காலத்தில் சேவை நின்றுவிடும். மற்ற மாதங்களிலும் பள்ளத்தாக்கில் மேகம் இறங்கினால் ரத்து. ஆகவே காலை முதல் நேரங்களைப் பிடிப்பதே சரி. 2025 ஜூன் 15-ல் கௌரிகுண்ட் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மேகம் இருக்கும்போது பறக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தக் கூடாது. பறந்து வருபவர்களுக்கு இன்னொன்று: உயரநோய் பொதுவாக மேலே சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைகாட்டும். தரிசனம் முடித்து அன்றே இறங்குபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. சில நிமிடங்களில் 2,000 மீட்டர் ஏறிவிட்டு இரவும் தங்குபவர்களைத்தான் அது பிடிக்கும்.

கிளம்புமுன் ஏழு நாள்

டேராடூன் வானிலை மையத்தின் மாவட்ட முன்னறிவிப்பில் ருத்ரபிரயாக் மாவட்டத்தை மட்டும் பாருங்கள். கைப்பேசியில் வரும் பொதுவான ஐகான்கள் பள்ளத்தாக்கின் அடியைச் சொல்கின்றனவா, 3,500 மீட்டரைச் சொல்கின்றனவா என்றே தெரியாது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனம். வைகாசியில் பிற்பகல் இடிக்காக அடிக்கடி வரும், விடியலில் நடந்து நண்பகலில் ஒதுங்கினால் போதும். ஆரஞ்சு என்றால் ஏறும் நாளுக்கோ அதற்கு முந்திய நாளுக்கோ இருந்தாலும் நில்லுங்கள். முந்திய நாள் மழை பெய்து இன்று வெயிலடிக்கும்போதுதான் பல சரிவுகள் விழுகின்றன. ஊறிய மண் சற்றுத் தாமதித்தே நகரும். சிவப்பு என்றால் குப்தகாசிக்கு மேலே இருக்கக் கூடாது.

காத்திருக்கும் இடமாக குப்தகாசியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து வெளியேற ருத்ரபிரயாக் சாலை ஒன்று, உக்கிமட், சோப்தா, கோபேஷ்வர் வழி இன்னொன்று. சோன்பிரயாகில் சிக்கினால் ஒரே வழிதான்.

ஏறும் நாளின் நேரக்கணக்கு

எந்த மாதமானாலும் கௌரிகுண்டை விட்டு காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். 7:30-க்கு ஜங்கிள் சட்டி, 9:30-க்கு பீம்பலி, ஒரு மணிக்குள் லின்சோலி. பீம்பலியை 12 மணிக்கும் தாண்டவில்லை என்றால் அன்று கோயிலை எட்டும் எண்ணத்தை விடுங்கள். பிற்பகலுக்குப் பிறகு கீழிருந்து யாரையும் மேலே விடமாட்டார்கள். நிறுத்தும் நேரம் வானிலைக்கேற்ப மாறும்.

குதிரை எதிரே வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். கூட்டத்தில் குதிரை திரும்பும்போது மூட்டை இடித்து ஆள் கீழே விழுவது நடக்கிறது. குதிரை, டோலி, கூடை எதுவானாலும் அரசுக் கவுண்டரில் கட்டணம் கட்டி, ஓட்டுபவரின் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு ஏறுங்கள்.

மூட்டை

தோளில் 6 கிலோவுக்கு மேல் வேண்டாம். எல்லா மாதத்துக்கும் பொது: வியர்வையை உறிஞ்சி உலரும் செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் காற்றும் நீரும் புகாத சட்டை. பருத்திப் பனியனோடு ஏறாதீர்கள்; வியர்வையில் நனைந்து, நின்ற ஐந்தாவது நிமிடத்தில் உடம்பை ஐஸாக்கிவிடும். வேட்டி, பட்டுப்புடவை தரிசனத்துக்குத் தனியாக நெகிழிப்பையில் இருக்கட்டும். பழகிய, கணுக்கால் மூடும் காலணி, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, கைத்தடி இரண்டு, தலைவிளக்கு, நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு.

சித்திரைக்கு மேலதிகமாக, காலணியில் மாட்டும் பனி முட்கள், பனிவெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. வைகாசிக்கு முழங்கால் தாண்டும் மழைப்போர்வை. குடை காற்றில் நிற்காது. புரட்டாசிக்கு நல்ல கம்பளித் தொப்பியும் கையுறையும். ஐப்பசிக்கு இறகுச் சட்டை, உள்காலாடை, கைப்பேசி மின்கலத்தை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம். குளிரில் அது சட்டென்று இறங்கிவிடும்.

உடம்பு சொல்வதைக் கேட்பது

கிளம்ப இரண்டு மாதம் முன்பே தினம் 5 கிலோமீட்டர் நடக்கத் தொடங்குங்கள், கடைசி மாதம் வாரம் இருமுறை மாடிப்படி. 50 வயதைத் தாண்டியவர்கள் இசிஜி எடுத்து மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பாதையில் இறப்பவர்களில் பலர் மாரடைப்பால்தான் இறக்கிறார்கள். அசிட்டசோலமைடு மாத்திரை பற்றியும் அவரிடமே கேளுங்கள். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்திய நாள் முதல்; சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தூக்கமின்மை சேர்ந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவானாலும் உடனே இறக்குங்கள். லின்சோலி வரை இறங்கினாலே பலருக்குத் தெளியும். சிறு உருளையில் விற்கும் ஆக்சிஜன் சில நிமிட ஆறுதல் தரும். இறங்குவதற்கு அது மாற்றாகாது. பாதையோர மருத்துவ முகாம்களில் இரத்த ஆக்சிஜன் அளவைப் பார்த்துச் சொல்வார்கள், தயங்காமல் நுழையுங்கள்.

நடை சாத்தியபின் வருபவர்களுக்கும் மலையேறவே முடியாதவர்களுக்கும் குளிர்காலத்தில் உக்கிமட் இருக்கிறது. ஆறு மாதம் கேதாரநாதருக்கு அங்கே ஓங்காரேஸ்வரர் கோயிலில்தான் பூஜை. சுமார் 1,300 மீட்டர் உயரம், வாசல் அருகே வரை வண்டி போகும், மூச்சு முட்டாது, வரிசையும் பெரும்பாலும் இருக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 9 மணிக்கு மேல் வெயில் வந்தபின் கிளம்பும்படி பெரியவர்களுக்கு நேரம் குறித்தால் குளிரும் தொல்லை தராது.